அடைத்து வளர்க்கும் செம்மறியாடுகளுக்கு நம்பகமான தண்ணீர்த் தொட்டி

மன்னார்த் தீவு, கரையோரக் கமக்காரருக்கான விளக்கம்

வெளியில் மேயும் செம்மறியாடு தன் தாகத்தைத் தானே தீர்த்துக்கொள்ளும். குளத்தின் அலைகரையிலோ, வாய்க்கால் ஓரத்திலோ, மணலில் தோண்டிய பூவலின் பக்கத்திலோ அது நீரைத் தேடிக் கண்டுகொள்ளும். கொட்டிலில் அடைக்கப்பட்ட ஆட்டுக்கு அந்த வசதி இல்லை. அதன் முன் வைக்கப்பட்ட தொட்டி ஒன்றே அதற்குக் குளமும் கிணறும் ஆகும். அத்தொட்டி காலையில் கவிழ்ந்து, கமக்காரர் மாலையில் வயலிலிருந்து திரும்பும் வரை அவ்வாறே கிடந்தால், கோடைக்காலத்தில் பால் கொடுக்கும் தாயாடுகள் அன்றே வாடிவிடும். மறுநாளும் அவ்வாறே நேர்ந்தால் குட்டிகளை இழக்க நேரிடும். ஆகவே கொட்டில் அமைப்பதற்கு மரமும் கிடுகும் தேடும் பொழுதே, தண்ணீர்த் தொட்டியைப் பற்றியும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். கொட்டில் கட்டி முடிந்த பின் கையிற் கிடைத்த சட்டியைக் கொண்டுவந்து வைப்பதே பெரும்பாலும் வழக்கமாக இருக்கிறது. அது நன்றன்று.

மன்னார் மாவட்டத்தில் ஆடுகளை அடைத்து வளர்ப்பதற்கு இருவகைக் காரணங்கள் உண்டு. கட்டுக்கரைக் குளத்தின் கீழுள்ள நானாட்டான், முருங்கன், உயிலங்குளம் முதலிய இடங்களிற் காலபோக நெல் வயலில் நிற்கும் மாதங்களில், கால்நடைகள் பயிரில் இறங்காதபடி காக்கப்படல் வேண்டும். தீவுப் பகுதியிலோ, மணற்றரையிற் காய்கறி செய்வோருக்கு ஆட்டெரு பொன்னைப் போன்றது. ஆடுகள் ஓரிடத்தில் நின்றாற்றான் எரு ஓரிடத்திற் சேரும். முதற் காரணம் பற்றி அடைக்கப்படும் ஆடுகள் மாரிக்காலத்தில் அடைபட்டு நிற்கின்றன. இரண்டாவது காரணம் பற்றி அடைக்கப்படுபவை கோடை முழுவதும் நிற்கின்றன. தொட்டியைத் தெரிவு செய்யும் பொழுது இந்த வேறுபாடு முக்கியமானது. மாரியில் ஈரமும் சேறும் பகைவர். கோடையில் உப்பும் மணலும் காற்றும் பகைவர்.

எவ்வளவு நீர் வேண்டும்

வட பகுதியிற் பரவலாக வளர்க்கப்படும் உள்ளூர்ச் செம்மறி உடல் சிறியது. 25 கிலோகிராம் நிறையுள்ள ஓராடு, பச்சைப்புல் கிடைக்கும் மாரிக்காலத்தில் மிகக் குறைவாகவே நீர் குடிக்கும். பச்சைப்புல்லில் நூற்றுக்கு 70 முதல் 80 பங்கு நீர் இருப்பதே இதற்குக் காரணம். வைக்கோலில் 10 முதல் 15 பங்கு நீரே உண்டு. ஆகவே வைக்கோலும் உலர்ந்த குழையும் தின்னும் ஆடு, தான் உட்கொள்ளும் உலர்தீனி ஒவ்வொரு கிலோகிராமுக்கும் 2 முதல் 3 இலீற்றர் வரை நீரை நாடும். வெப்பம் கூடக் கூட அந்த அளவும் கூடும். பொதுவாகக் கோடையில் ஓராட்டுக்கு நாளொன்றுக்கு 3 இலீற்றரும், பால் கொடுக்கும் தாயாட்டுக்கு 5 இலீற்றரும் எனக் கணக்கிட்டுக்கொள்வது தக்கது.

இக்கணக்கின்படி, 20 ஆடுகளில் 8 தாயாடுகள் குட்டியுடன் நின்றால், அவற்றுக்கு 40 இலீற்றரும் ஏனைய 12 ஆடுகளுக்கு 36 இலீற்றரும் வேண்டும். சிந்துவதையுஞ் சேர்த்து 80 இலீற்றர் என்று கொள்ளலாம். இரண்டு நாட்களுக்குப் போதுமான நீர் எப்பொழுதும் கையிருப்பில் இருத்தல் வேண்டும் என்பது நல்ல விதி. நீரிறைக்கும் பொறி பழுதானாலும், மின்சாரம் தடைப்பட்டாலும், வீட்டில் ஒருவர் நோயுற்றாலும் ஆடு பொறுத்திராது. 200 இலீற்றர் கொள்ளும் பீப்பா ஒன்று இத்தேவைக்குப் போதும்.

கிடாய்களைப் பற்றி இங்கு ஒரு வார்த்தை கூறுதல் வேண்டும். நெல் விளையும் ஊர்களில் அரிசித் தவிடு மலிவு. கொழுக்க வைக்கும் கிடாய்களுக்கு அதனையே நிறைய இடுவர். தவிட்டிற் பொசுபரசு மிகுதி. தவிட்டை நிறையத் தின்று, நீரைக் குறைவாகக் குடிக்கும் கிடாயின் சிறுநீர்ப் பையிற் கல் உண்டாகி, சிறுநீர்க் குழாயை அடைத்துவிடும். அந்தக் கிடாய் முக்கி முக்கி நிற்கும், வாலை ஆட்டும், சிறுநீர் துளித்துளியாக வரும், அல்லது வராதே நின்றுவிடும். நோய் தோன்றிய பின் காப்பாற்றுவது அரிது. சந்தைக்குப் போக இருந்த சிறந்த கிடாயே இவ்வாறு மாண்டுபோவதுண்டு. அதற்குத் தொட்டியில் நல்ல நீர் குறையாதிருப்பது பாதி மருந்து; தவிட்டை அளவோடு இட்டு, வைக்கோலையும் குழையையும் கூட்டுவது மறுபாதி.

கிணற்று நீரின் உவர்

மன்னார்த் தீவின் மணலுக்கடியில் உள்ள நல்ல நீர், கீழே உள்ள கடல் நீரின் மேல் மிதந்து நிற்கிறது. மழைநீர் மணலூடாக இறங்கி அவ்வாறு சேர்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நல்ல நீர் ஓரடி உயர்ந்து நின்றால், அதற்குக் கீழே ஏறக்குறைய 40 அடி ஆழத்துக்கு நல்ல நீர் இருக்கும் என்பது கரையோர நிலங்களுக்குப் பொதுவான கணக்கு. இக்கணக்கைத் திருப்பிப் பார்த்தாற்றான் அதன் அச்சம் விளங்கும். அளவுக்கு மிஞ்சி இறைத்து மேல் மட்டத்தை ஓரடி தாழ்த்தினால், காலப்போக்கில் அடியிலிருந்து உவர் 40 அடி மேலேறி வர இடமுண்டு. ஆகவே ஆட்டுக்கு வேண்டிய நீரைப் பொறியினால் ஒரே மூச்சில் இறைத்தல் கூடாது. காலையிற் சிறிதும் மாலையிற் சிறிதுமாக இறைத்துப் பீப்பாவை நிரப்பிக்கொள்வது கிணற்றுக்கும் நல்லது.

தை மாதத்தில் இனிக்கும் கிணறு ஆவணியிற் கரிக்கும். ஆனால் செம்மறி உவரை ஓரளவு தாங்கும் பிராணி. ஓர் இலீற்றரில் 5 கிராம் வரை உப்புக் கரைந்துள்ள நீரை வளர்ந்த ஆடுகள் கேடின்றிக் குடிக்கும். 5 முதல் 10 கிராம் வரை உள்ள நீரை முதலிற் குடிக்கத் தயங்கும். சினையாடும் தாயாடும் குட்டியும் அதனால் மெலியும். 10 கிராமுக்கு மேற்பட்டதை அவற்றுக்குக் காட்டவே கூடாது. கடல் நீரில் ஓர் இலீற்றருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு உண்டு என்பதோடு இவ்வளவுகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1950களில் தென் அவுஸ்திரேலியாவிற் பியர்ஸ் என்னும் ஆராய்ச்சியாளர் காயடித்த கிடாய்களுக்கு உப்பு நீர் கொடுத்துப் பார்த்தார். நூற்றுக்கு ஒரு பங்கு உப்பை அவை தாங்கின. இரண்டு பங்கைத் தாங்கவில்லை. எனினும் அவை பால் கொடுக்காத, நன்கு வளர்ந்த கிடாய்கள் என்பதை மறக்கலாகாது.

உவரின் அளவை உறுதியாக அறிய, கிணற்று நீரை ஒரு போத்தலில் எடுத்துச் சென்று கமநல அலுவலகத்தில் விசாரித்துச் சோதித்துக்கொள்ளலாம். அதுவரை வீட்டிலேயே ஒரு மட்டான சோதனை செய்யலாம். ஓர் இலீற்றர் நல்ல நீரில் மட்டமாக வழித்த ஒரு தேக்கரண்டி உப்பைக் கரைத்தால், அதில் 5 முதல் 6 கிராம் உப்பு இருக்கும். அதையும் கிணற்று நீரையும் நாவில் தொட்டு ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். கிணற்று நீர் அதைவிடக் கரித்தால், தாயாடுகளுக்கும் குட்டிகளுக்கும் வேறு நீர் தேட வேண்டும்.

இதிலிருந்து தோட்டக்காரருக்குப் பயன்படும் ஒரு வழியும் பிறக்கிறது. மிளகாயும் வெங்காயமும் செம்மறியைவிட உவருக்கு மிகவும் அஞ்சுபவை. அவற்றின் இலை நுனி கருகச் செய்யும் நீரைச் செம்மறி தாராளமாகக் குடிக்கும். ஆகவே இரண்டு கிணறு உள்ள தோட்டத்தில், நல்ல நீர்க் கிணற்றை வீட்டுக்கும் பயிருக்கும் தாயாட்டுக்கும் வைத்துக்கொண்டு, சற்று உவர்ந்த கிணற்றை ஏனைய ஆடுகளுக்கு விடலாம். நீரை மாற்றும் பொழுது ஒரே நாளில் மாற்றாது, ஒரு வாரகாலம் இரண்டையும் கலந்து கொடுத்துப் பழக்குதல் வேண்டும். உவர் நீர் குடிக்கும் ஆடு கூடுதலாகக் குடிக்கும். கூடுதலாகச் சிறுநீர் கழிக்கும். அதற்கேற்பக் கொட்டிலின் நிலத்துக்குக் கூளமும் கூட்டி இட வேண்டும். அந்த ஆடுகளுக்குத் தீனியில் உப்புச் சேர்ப்பது வேண்டாம்.

பெரிய தொட்டி நல்ல தொட்டியன்று

நீர் நிறையக் கொள்ளும் அகன்ற தொட்டியே பாதுகாப்பானது என்று பலர் எண்ணுவர். மன்னாரில் இது தவறு. கோடையில், சோளகக் காற்று வீசும் நாட்களில், திறந்த நீர்ப்பரப்பிலிருந்து நாளொன்றுக்கு ஏறக்குறைய 6 மில்லிமீற்றர் நீர் ஆவியாகிப் போகும். 2 சதுர மீற்றர் பரப்புள்ள சீமெந்துத் தொட்டியில் இது 12 இலீற்றர் ஆகும். அதிற் குடிப்பவை ஐந்து ஆடுகளேயானால் அவை குடிப்பதும் 15 இலீற்றரே. ஆவியாகும் நீர் உப்பை விட்டுச் செல்லும். அவ்வாறு குறையும் நீரை நாடோறும் கிணற்று நீரால் நிரப்பி வந்து, தொட்டியை ஒருபோதும் வெறுமையாக்காது விட்டால், சில வாரங்களில் தொட்டி நீரின் உவர் கிணற்று நீரின் உவரைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கை நெருங்கும். கிணறு நன்றாயிருக்க ஆடு ஏன் குடிக்க மறுக்கிறது என்று வியப்போர் இதனைக் கவனித்தல் வேண்டும்.

ஆகவே சேமிப்பு வேறு, தொட்டி வேறு. நீரை மூடிய பீப்பாவிற் சேமித்து, சிறிய தொட்டியிற் கொடுத்தலே முறை. 20 ஆடுகளுக்கு இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் உள்ள தொட்டி போதும். ஆனால் அத்தகைய தொட்டிகள் இரண்டு இருத்தல் வேண்டும். ஒன்று பழுதானால் மற்றொன்று உதவும் என்பது ஒரு காரணம். பெரிய கிடாய் ஒரு தொட்டியை மறித்து நின்றால் மெலிந்த ஆடு மற்றொன்றில் அச்சமின்றிக் குடிக்கும் என்பது இன்னொரு காரணம். ஆழம் 6 முதல் 8 அங்குலமே இருக்கலாம். குட்டிகள் உள்ள கொட்டிலில், தொட்டிக்குள் ஒரு தட்டைக் கல்லை இட்டு வைத்தால், தவறி விழும் குட்டி அதன் மேலேறி வெளியே வந்துவிடும்.

தொட்டி எதனாற் செய்யப்படல் வேண்டும்

கடற்காற்று வீசும் இடத்தில் இரும்பு நிலைக்காது. நாகமுலாம் பூசிய வாளியும் தகரத் தொட்டியும் உள்நாட்டில் நெடுங்காலம் உழைக்கலாம். கரையோரத்தில் மடிப்பிலும் ஆணித்துளையிலும் விரைவாகத் துருப்பிடித்து ஒழுகத் தொடங்கும். துருவால் அரிக்கப்பட்ட விளிம்பு ஆட்டின் உதட்டைக் கிழிக்கும்.

சீமெந்துத் தொட்டி கனமானது. ஆடு முட்டினாலும் காற்று வீசினாலும் அசையாது. நீரையும் குளிர்ச்சியாக வைத்திருக்கும். நிரந்தரமான கொட்டிலுக்கு இதற்கு ஈடு வேறில்லை. ஆயினும் அதனைச் செய்யும் முறையிற் கவனம் வேண்டும். கடற்கரை மணலைக் கலத்தல் கூடாது. அம்மணலின் உப்புத் தொட்டியைக் கெடுக்கும். உள்ளே இரும்புக் கம்பி வைத்தால், நாளடைவில் உப்பு நீர் ஊறிக் கம்பி துருவேறிப் பருத்துத் தொட்டியை வெடிக்கச் செய்யும். சிறிய தொட்டிக்குக் கம்பியே தேவையில்லை. சுவரைத் தடிப்பாக வைத்தாற் போதும். அடியில் ஒரு மூலையில் ஒன்றரை அங்குலத் துளை விட்டு, அதற்குத் தக்கை போட வேண்டும். துளையில்லாத சீமெந்துத் தொட்டி கழுவப்படாத தொட்டி என்றே கொள்ளலாம். கட்டிய புதிதில் ஒரு வாரம் நீர் கட்டி ஊறவைத்து, அந்நீரைப் பலமுறை வெளியேற்றிய பின்னரே ஆடுகளுக்கு நீர் வார்த்தல் வேண்டும். புதுச் சீமெந்திலிருந்து சுண்ணக் காரம் நீரில் இறங்குவதே இதற்குக் காரணம்.

பிளாத்திக்குத் தொட்டி மலிவானது, துருவேறாது, கழுவ எளிது. அதன் குறை பாரமின்மை. நீர் நிறைந்திருக்கையில் நிற்கும். அரைவாசி குறைந்ததும் ஆட்டின் கால் பட்டாற் கவிழும். வெறுமையானாற் சோளகக் காற்று அதனை வேலிவரை உருட்டிச் செல்லும். பழைய வாகனச் சக்கர றப்பரினுள் அதனை இறுக்கமாகப் பதித்து வைத்தால் இக்குறை நீங்கும். இது பணச்செலவு இல்லாத உபாயம். பத்து ஆடுகளுக்கு உட்பட்ட பட்டிக்கு இதுவே போதுமானது. வெயில் நேரே படும் இடத்தில் வைத்தால் பிளாத்திக்கு ஓரிரு வருடத்தில் நொறுங்கும்.

பீப்பாவை நெடுக்காக இரண்டாகப் பிளந்து தொட்டியாக்கும் வழக்கமும் உண்டு. அவ்வாறு செய்வதிற் பிழையில்லை. ஆனால் அப்பீப்பாவில் முன்னர் என்ன இருந்தது என்பது நிச்சயமாகத் தெரிந்திருத்தல் வேண்டும். பூச்சிகொல்லியோ களைகொல்லியோ அடைத்து வந்த கலத்தை எத்தனை முறை கழுவினாலும் ஆட்டுக்குப் பயன்படுத்துதல் கூடாது. கரையோரத்தில் மீன் உப்பிட்ட பீப்பாக்கள் எளிதிற் கிடைக்கும். அவற்றை நல்ல நீரிற் பல நாள் ஊறவைத்து, உப்பும் மணமும் அறவே போன பின் பயன்படுத்தலாம். செம்மறியின் மூக்கு நுட்பமானது; மீன் மணமுள்ள நீரைக் கண்டு அது முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

முன்னோர் பனங்குற்றியைக் குடைந்து செய்த பத்தல் இன்றும் சில வீடுகளில் உண்டு. உப்புக்கும் துருவுக்கும் அது அஞ்சாது. நீர் வற்றிக் காய்ந்தால் வெடிக்கும் என்பதொன்றே அதன் குறை.

தானே நிரம்பும் தொட்டிகள்

பகல் முழுவதும் வயலிலும் தோட்டத்திலும் நிற்பவருக்குத் தானே நிரம்பும் தொட்டி பேருதவி. சந்தையில் இவை பல வகையாகக் கிடைக்கின்றன. ஒவ்வொன்றும் எவ்வாறு பழுதாகும் என்பதை அறிந்து வாங்குவதே புத்தி. விற்பவர் அது எவ்வாறு வேலை செய்யும் என்பதை மட்டுமே கூறுவார்.

முதலாவது, மிதவை வால்வு பொருத்திய தொட்டி. நீர் தாழும் பொழுது மிதவை இறங்கி வழி திறக்கும். நிறையும் பொழுது ஏறி அடைக்கும். மூவகையில் இது நம்பத்தக்கது, சில நிபந்தனைகளோடு. பீப்பாவை மூன்று நான்கு அடி உயரமான மேடையில் வைத்து நீர் விடுபவர், தாழ்ந்த அழுத்தத்துக்குரிய அகன்ற துளை வால்வையே கேட்டு வாங்குதல் வேண்டும். உயர்ந்த அழுத்தக் குழாய்க்குச் செய்த வால்வின் துளை மிகச் சிறியது. அதில் நீர் சொட்டுச் சொட்டாகவே வரும். தாகங்கொண்ட ஆடுகள் ஒருங்கே வந்தால் தொட்டி வற்றும். வால்வின் வாயில் ஒரு மணற்பரல் அகப்பட்டால் அது மூடாது. இரவு முழுவதும் நீர் வழிந்து பீப்பாவும் வெறுமையாகும், எருவும் சேறாகும். இதற்குப் பீப்பாவின் வாயில் மெல்லிய துணி கட்டி நீரை வடித்து ஊற்றுவதும், பீப்பாவின் அடியிலிருந்து மூன்று அங்குலம் உயர்த்திக் குழாய் பொருத்துவதும் பரிகாரமாகும். கிடாய்கள் மிதவையிற் கொம்பை உரைசும். ஆதலால் அதன் மேல் மரப்பலகையோ தகடோ கொண்டு மறைப்பு இடுக. பித்தளையினும் பிளாத்திக்கு வால்வே உவர் நீருக்கு ஏற்றது. அதன் றப்பர் வாசர் இரண்டையாவது வீட்டில் வாங்கி வைத்திருத்தல் வேண்டும். கடை மூடியிருக்கும் நாளிலேயே அது கெடும்.

இரண்டாவது, வால்வு எதுவுமில்லாத கவிழ்ப்புப் பீப்பா. கோழிக்குஞ்சுகளுக்கு வைக்கும் நீர்ப்பாத்திரத்தைப் போன்றது இது. இறுக்கமாக மூடிய பீப்பாவின் அடிப்பக்கத்தில், தொட்டியின் விளிம்பைவிட இரண்டு அங்குலம் தாழ்வாக ஒரு துளை இருக்கும். தொட்டி நீர் அத்துளைக்குக் கீழே இறங்கியதும் காற்று உட்புகுந்து நீர் வெளிவரும். துளை மூடப்பட்டதும் நின்றுவிடும். அசையும் உறுப்பில்லை, உப்பாலும் மணலாலும் கெடுவதற்கு எதுவுமில்லை. ஆயினும் மூடி சிறிது தளர்ந்தாலும் நீர் முழுவதும் ஓடிவிடும். வெயிலில் நின்றாலும் இதே துன்பம் உண்டு. பீப்பாவில் 100 இலீற்றர் காற்று இருக்கையில் அது 15 பாகை செல்சியசு சூடேறினால், விரிந்து ஏறக்குறைய 5 இலீற்றர் நீரை வெளியே தள்ளும். ஆகவே நாள் முழுவதும் நிழல் உள்ள இடத்திலன்றி இதனை வைத்தல் கூடாது.

மூன்றாவது, நிப்பிள் எனப்படும் காம்புக் குழாய். ஆடு வாயால் அழுத்தினால் மட்டும் நீர் வரும். நீர் சிந்தாது, சாணம் கலவாது என்று இதனைப் புகழ்வர். அவை உண்மையே. ஆனால் மன்னார்க் கரையோரத்துக்கு இது ஏற்றதன்று. உவர் நீர் உலர்ந்து காம்பின் வாயில் உப்புப் படியும், மணல் அடைக்கும், அடைபட்டதை எவரும் காண முடியாது. தொட்டியில் நீரில்லை என்பது பத்து யார் தூரத்திலிருந்தே கண்ணுக்குத் தெரியும். காம்பில் நீரில்லை என்பது ஆட்டுக்கு மட்டுமே தெரியும். சந்தையிலிருந்து புதிதாக வாங்கிவந்த ஆடு காம்பை அறியாது. தாகத்தோடே பக்கத்தில் நிற்கும். இதனை வைத்தே தீரவேண்டும் என்போர், திறந்த தொட்டி ஒன்றையும் கூடவே வைத்தல் அவசியம்.

எந்த வகையானாலும், குழாயை மணலின் மேல் வெயிலிற் கிடக்க விடாது ஓரடி ஆழத்திற் புதைத்தல் வேண்டும். நண்பகலிற் கறுத்த குழாயிலிருந்து வரும் நீர் கை பொறுக்காத சூடாயிருக்கும். அதனை ஆடு தொடாது.

வைக்கும் இடம்

தொட்டியைக் கொட்டிலின் நடுவில் வைக்கலாகாது. வேலிக்கு வெளியே வைத்து, ஆடு தலையை மட்டும் நீட்டிக் குடிக்கும்படி மரச்சட்டங்களிடையே வழி விடுவதே சிறந்தது. அவ்வாறு செய்தாற் சாணமும் சிறுநீரும் நீரிற் சேரா. குட்டி ஏறி மிதிக்காது. சிந்தும் நீரும் வெளியே போகும். தொட்டியின் விளிம்பு நிலத்திலிருந்து ஓரடிக்கு மேற்படாதிருப்பின் குட்டிகளும் எட்டிக் குடிக்கும். சிந்தும் நீர் எருவில் இறங்குவது இரட்டை நட்டம். ஈர எருவிலிருந்து எழும் அமோனியா ஆட்டின் கண்ணையும் நெஞ்சையும் வருத்துவதோடு, தோட்டத்துக்குப் போக வேண்டிய தழைச்சத்தும் அவ்வாறே காற்றிற் போகிறது. குளம்பழுகலும் குட்டிகளின் கழிச்சலும் ஈரமான கொட்டிலிலேயே மிகுதி. தொட்டியின் கீழ் கல்லும் சல்லியும் பரப்பி, வழியும் நீரை ஒரு சிறு கான் மூலம் அருகிலுள்ள வாழைக்கோ முருங்கைக்கோ விடலாம்.

தென்மேற்கிலிருந்து வரும் சோளகம் மணலை வாரி இறைக்கும். ஆகவே கொட்டிலின் வடகிழக்குப் பக்கமே தொட்டிக்கு ஏற்றது. மாரியில் வாடை அப்பக்கமிருந்தே அடிப்பதால், அக்காலத்தில் மேலே ஒரு கிடுகுச் சார்ப்பு வேண்டும்.

சேமிப்புப் பீப்பாவை மூடி வைத்தல் ஆட்டுக்கு மட்டுமன்றி வீட்டாருக்கும் வேண்டியது. 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடென உலகச் சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு முடிவிலேயே மன்னாரில், கிணறுகளிலும் நீர்த்தாங்கிகளிலும் பெருகும் அனோபிலிசு ஸ்ரிபென்சி என்னும் மலேரியா நுளம்பு இந்நாட்டில் முதன்முறையாகக் கண்டறியப்பட்டது. டெங்கு நுளம்பும் பீப்பாவை விரும்புவதே. நுளம்பின் முட்டை நுளம்பாவதற்கு ஏறக்குறைய ஒரு வாரம் செல்லும். ஆதலாற் பீப்பாவின் வாயை வலையால் அல்லது துணியால் மூடுவதோடு, வாரம் ஒருமுறை அடிவரை வெறுமையாக்கித் தேய்த்தலும் அவசியம். தொட்டியை நாடோறும் காலையில், நீரைக் கொட்டிவிட்டு, பனந்தும்பினால் உரைஞ்சிக் கழுவ வேண்டும். இதற்கு ஐந்து நிமிடமே செல்லும். தொட்டியின் உட்புறத்தில் ஒரு கோடு கீறி வைத்தால், நேற்று எவ்வளவு குடிக்கப்பட்டது என்பதும் தெரியவரும். நீர் குடிப்பது குறைந்தால் அடுத்து இரை எடுப்பதும் குறையும். ஆகவே ஆடு இரை தின்னாத பொழுது முதலில் நீரையே பார்த்தல் வேண்டும்.

தொட்டியிற் சேரக்கூடாதவை

பாசி பிடித்த தொட்டியிற் சிறிது துரிசைப் போட்டால் பாசி மாயும் என்று சிலர் செய்வதுண்டு. போடோக் கலவைக்கு வாங்கிய துரிசு தோட்டக்காரர் வீட்டில் எப்பொழுதும் இருக்கும். செம்மறிக்குச் செம்பு நஞ்சு. மாட்டையும் வெள்ளாட்டையும்விடச் செம்மறியே இதற்கு எளிதிற் பலியாகும். செம்பு சிறிது சிறிதாக ஈரலிற் சேர்ந்து, ஒருநாள் திடீரெனக் குருதியிற் கலந்து ஆட்டைக் கொல்லும். அதுவரை யாதொரு குறியும் தோன்றாது. பாசியைத் தும்பால் உரைஞ்சியே அகற்றுதல் வேண்டும்.

அதனினும் விரைவான ஆபத்து யூரியாவினால் வருகிறது. பயிருக்கு இடுவதற்காக வாளியிற் கரைத்து வைத்த யூரியா நீரைத் தாகங்கொண்ட ஆடு குடித்தால், அது வயிற்றில் அமோனியாவாகி, சில மணி நேரத்துக்குள் வயிறு ஊதி, நடுக்கங் கண்டு ஆடு இறக்கும். உரம் கரைக்கும் வாளியும் ஆட்டுக்கு நீர் வார்க்கும் வாளியும் ஒன்றாயிருத்தல் கூடாது. வேறு நிறத்தில் வாங்குவது எளிதான பாதுகாப்பு. மருந்து தெளிக்கும் கருவியைக் கழுவிய நீர் ஓடும் இடமும் கொட்டிலுக்கு மேற்புறமாக இருத்தல் ஆகாது.

நீர் தடைப்பட்டால்

எவ்வளவு கவனித்தாலும் என்றோ ஒருநாள் தொட்டி வற்றும். ஒரு நாளுக்கு மேல் நீரின்றி நின்ற ஆடுகளைக் கண்டவுடன், இரக்கத்தால் தொட்டியை நிரப்பி விட்டுவிடுவது தவறு. நெடுந்தாகத்தின்போது உடலில், சிறப்பாக மூளையில், உப்பு மிகுந்து நிற்கும். அந்நிலையில் ஆடு நீரை ஒரேயடியாகக் குடித்தால் மூளை வீங்கிவிடும். ஆடு குருடுபோலத் தடுமாறும். சுவரில் தலையை முட்டி நிற்கும். தசை துடித்து விழும். உவர் நீர் குடித்துப் பழகிய ஆடுகளுக்கு இந்த ஆபத்து அதிகம்.

அத்தகைய ஆடுகளை முதலில் நிழலில் ஒதுக்கி, தொட்டியை மூடி வைத்து, கிண்ணத்தால் ஒவ்வொன்றுக்கும் அரை இலீற்றர் நல்ல நீர் கொடுக்க வேண்டும். குட்டிகளுக்கு ஒரு தேநீர்க் கோப்பை அளவு போதும். அரை மணி நேரங் கழித்து மீண்டும் அவ்வளவே. இவ்வாறு பகல் முழுவதும் சிறுகச் சிறுகக் கொடுத்து, மாலையிலேயே தொட்டியைத் திறந்து விடலாம். அன்று தவிடும் உப்புக் கட்டியும் வேண்டாம். பச்சைப்புல் அல்லது பூவரசங் குழை இடலாம். தடுமாறும் ஆட்டுக்குத் தலையை உயர்த்தி வாயில் நீர் ஊற்றினால் அது நுரையீரலிற் புகும். அந்த ஆட்டைத் தனியே கிடத்திக் கால்நடை வைத்தியரை உடனே அழைத்தல் வேண்டும்.